கொத்தாத மண்

தை மாதம் பாதி போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்ஷரா மாடிப்படி ஏறி வந்து என் வாசலில் நின்றாள். வீட்டுக்காரர்கள் குடியிருப்பவன் வாசலுக்கு வந்தால் ஏதோ புகார் என்றுதான் மனசு ஓடும். குழாயை மூடாமல் விட்டுவிட்டோமா, சட்டி கழுவின தண்ணீர் கீழே ஒழுகுகிறதா என்று யோசித்துக்கொண்டே எழுந்து வந்தேன்.

"ஏனுங்ணா, யூனிட்ல பழைய அட்டைப்பெட்டி எத்தனை கெடக்குங்க?"

"ஒரு முப்பது நாப்பது கெடக்கும். எதுக்கும்மா?"

"அத்தனையும் வேணுங்க. நூறு கெடைச்சாலும் வேணுங்க."

"என்ன, வீடு காலி பண்றீகளா?"

விளையாட்டாகத்தான் கேட்டேன். கேட்ட வாயை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் சிரிக்கவில்லை. மூன்று மாதமாக அவள் எதற்கும் சிரிக்கவில்லை, அழவுமில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், குளி என்றால் குளித்தாள்.

"பின்னாடி தோட்டம் போடறனுங்க. போன்ல பாத்தனுங்க. மண்ணு மேல அட்டையப் பரப்பி, நனைச்சு, அதுக்கு மேல எருவக் கொட்டி, அதுலயே நட்டரலாமுங்க. அட்டைக்கு அடில புல்லெல்லாம் செத்துப்போயி, அட்டையும் மக்கிப் போயிருமுங்க. கொத்த வேண்டாம், உழுக வேண்டாம். மண்ணத் தொடவே வேண்டாமுங்க."

மண்ணைத் தொடவே வேண்டாம் என்பதை இன்னொரு தடவை சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவள் எதற்காகச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதற்கு அவசியமே இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

என் பெயர் முனீஸ். சாத்தூர்ப் பக்கம். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள், நான் நல்லூரில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். செல்வக்குமாருடைய யூனிட்டில் கட்டிங் மாஸ்டர். பெரிய கம்பெனி என்று நினைத்துவிட வேண்டாம், பதினெட்டு மெஷின்தான். கைக்குழந்தைகளின் உடுப்பு மட்டும் தைக்கிறோம். முன்னால் யூனிட், நடுவில் வீடு, வீட்டு மாடியில் நான், பின்னால் ஏழு சென்ட் மண். ஒரு காலத்தில் அந்தத் தெரு முழுக்கச் செல்வக்குமாரின் அப்பா மணியன் உழுத காடு. பஸ் வந்து, வீடு வந்து, டையிங் சாயப்பட்டறை வந்து, கடைசியில் இந்த ஏழு சென்ட் மிச்சம். துவைக்கிற கல், தண்ணீருக்குப் போட்ட போர், ஒரு முருங்கை, இடுப்புயரப் புல், இவ்வளவுதான் அதில் இருந்தது.

ஐப்பசியில் செல்வக்குமாரின் பெண்டாட்டி அக்ஷராவுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. ஒரு நாள் முழுக்க அசைவு தெரியவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உள்ளேயே உயிர் போய்விட்டது. பெண் பிள்ளை. ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்ததால் அவளுக்கு முழு மயக்கம் கொடுத்து அறுத்து எடுத்தார்கள். அவள் கண் விழிக்கும்போது எல்லாம் முடிந்திருந்தது.

இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பச்சைப்பிள்ளை தவறினால் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை, சொந்த மண்ணில் வைத்துவிடுவார்கள். ஆம்பிளைகள் மட்டும் போய் வைப்பார்கள். பெற்றவளுக்கு இடத்தைக் காட்டமாட்டார்கள். காட்டினால் போய்ப் போய் அங்கேயே உட்கார்ந்துகொள்வாள், அடுத்தது தங்காது என்பார்கள். அதனால் அக்ஷராவுக்குத் தெரிந்ததெல்லாம், பிள்ளை வீட்டுக்குப் பின்னால் எங்கேயோ இருக்கிறது என்பதுதான். இடம் தெரியாததால் ஏழு சென்ட்டையும் மண் வெட்டுகிற மம்முட்டி படாமல் மூடிவிட நினைத்தாள்.

பிள்ளை அங்கே இல்லை. அதை அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் செல்வக்குமார், இன்னொருவன் நான்.

அன்றைக்கு மழை விடவில்லை. மணியன் கண் ஆபரேஷன் செய்துகொண்டு உடுமலையில் மகள் வீட்டில் இருந்தார். "நம்ம மண்ணுலயே வெச்சரு சாமி" என்று போனில் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியை நான்தான் ஓட்டினேன். வீட்டுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியதும் செல்வக்குமார் பிள்ளையைச் சுற்றிய துணிப் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு மம்முட்டியோடு இறங்கினார். போருக்குப் பக்கத்தில் இரண்டு கொத்து கொத்தினார். கொத்தின இடத்தில் தண்ணீர் ஏறி நின்றது. மம்முட்டியைப் போட்டுவிட்டு மழையில் அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு வந்து கண்ணாடியைத் தட்டி, "என்னால முடியல மாஸ்டர்" என்றார்.

என்னால் முடியும். எங்கள் ஊரில் மூன்று பேருக்குக் குழி வெட்டியிருக்கிறேன். கொடுங்க நான் வெட்டுறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்தவன் வீட்டுப் பிள்ளை, நான் பிழைக்க வந்தவன், எனக்கு என்ன உரிமை என்று ஏதேதோ தோன்றியது. "ஆஸ்பத்திரியிலயே குடுத்துட்டா அவங்களே பாத்துக்கிடுவாங்க மொதலாளி" என்று சொன்னேன். அந்த யோசனை என்னுடையதுதான். திரும்பிப் போனோம். ஒரு காகிதம் நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டார். கொடுத்துவிட்டு வந்தோம்.

மூன்றாம் நாள் மணியன் வந்து இடம் கேட்டார். செல்வக்குமார் அந்த இரண்டு கொத்தைக் காட்டினார். கிழவர் கறுப்புக் கண்ணாடியோடு குனிந்து ஒரு சொம்புப் பாலை அங்கே ஊற்றினார். மாடியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அட்டைப்பெட்டி கதைக்கு வருகிறேன். யூனிட்டில் கிடந்ததோடு பக்கத்து யூனிட்களிலும் சொல்லி அறுபத்தெட்டுப் பெட்டி சேர்த்தேன். இந்த வேலையில் ஒரு சங்கடம் இருக்கிறது. அட்டை மக்கும், அதில் ஒட்டியிருக்கிற டேப்பும் ஸ்டிக்கரும் மக்காது. ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து, அதையெல்லாம் உரித்த பிறகுதான் மண்ணில் போட வேண்டும். எங்கள் பெட்டியில் ஸ்டிக்கர் என்றால் சைஸ் ஸ்டிக்கர்தான். மூன்று மாதம் வரை, ஆறு மாதம் வரை என்று இருக்கும், கூடவே தவழ்கிற பிள்ளையின் படம். நான் விடியலிலேயே உட்கார்ந்து உரித்துவிடலாம் என்று பார்த்தேன். அவள் எனக்கு முன்னால் வந்து கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு பழைய கத்தியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

யூனிட்டைக் கூட்டிப் பெருக்குகிற ஒச்சாயியைத் துணைக்கு அனுப்பினேன். உசிலம்பட்டிக்காரி, வாய் ஓயாது. அன்றைக்கு அந்த வாய் உதவியாக இருந்தது.

"ஆத்தி, எங்கூர்ல மண்ண ஒழுது போட்டாலே ஒண்ணும் மொளைக்க மாட்டேங்குது. நீங்க அட்டையில வெள்ளாம பண்ணப் போறீகளா தாயி?"

"மொளைக்குமுங்க அக்கா."

"மொளைச்சா எனக்கு ஒரு புடி கீரை குடுங்க. மொளைக்கலன்னா அட்டைய எடைக்குப் போட்டு டீ வாங்கிக் குடுங்க."

ஒச்சாயி பேசப் பேச அக்ஷரா ஸ்டிக்கரை நனைத்து, நகத்தால் ஓரம் தூக்கி, கிழியாமல் உரித்து, கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டி வைத்தாள். படத்தைப் பார்த்தாளா இல்லையா என்று அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மத்தியானத்துக்குள் கிண்ணம் முழுக்கத் தவழ்கிற பிள்ளைகள். ஒச்சாயி அதைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டாள். கிண்ணத்தை எடுத்துப் போய்க் குப்பையில் கவிழ்த்துவிட்டு வந்து, மறுபடியும் கீரையைப் பற்றி ஆரம்பித்தாள்.

மணியனுக்கு இந்த வேலை பிடிபடவே இல்லை. கண் தெளிந்து வந்ததிலிருந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"அம்மிணி, நானு அம்பது வருசம் பண்ணயம் பாத்தவன். உழுகாம வெதைக்கறது எங்கீமு கண்டதில்ல. மண்ணப் பொரட்டிக் காயப் போட்டாத்தான் மண்ணு மூச்சு உடும்."

"புழு இருக்குதுங்களே மாமா. அது பொரட்டுமுங்க."

"அட்டையப் போட்டா கறையான் வருமே சாமி. கறையானுக்கு அது கல்யாண விருந்தாச்சே."

"வரட்டுங்க மாமா. அதும் திங்கட்டுங்க."

கிழவர் தலையை ஆட்டினார். பிறகு போர் இருக்கிற மூலையை ஒரு தடவை பார்த்தார். "செரி, கொத்தாததும் ஒரு வகைக்கு நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். அவருக்கு இடம் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பாத்திகளை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் நான் உள்ளே வந்தேன். கொத்தாத தோட்டத்தில் பாத்தியை மிதிக்கக் கூடாதாம், மிதித்தால் மண் இறுகிப்போகும். அதனால் இரண்டு பக்கமும் நின்று கை நீட்டினால் எட்டுகிற அகலம்தான் பாத்தி, நடுவில் நடக்கப் பாதை. ஏழு சென்ட்டில் துவைக்கிற கல், போர், முருங்கை எல்லாம் போகப் பாத்தி எத்தனை வரும் என்று அவளுக்குக் கணக்கு வரவில்லை. எனக்கு அது தினசரி வேலை. துணியை விரித்து, முன்பக்கம், பின்பக்கம், கை என்று இடைவெளி வீணாகாமல் அடுக்குவதுதானே என் பிழைப்பு. மார்க்கிங் பேப்பரை யூனிட் மேஜையில் விரித்துப் பென்சிலால் போட்டுக் காட்டினேன். ஒன்பது பாத்தி வந்தது. அவள் பேப்பரில் விரலை வைத்து ஒவ்வொரு பாத்தியாகத் தொட்டுப் பார்த்தாள். "போருகிட்டயும் மூடிக்கலாமுங்களா?" என்று கேட்டாள். மூடிக்கலாம் என்றேன். பேப்பரைச் சுருட்டிக் கொடுத்தேன்.

எரு அவள் அப்பா ஊரிலிருந்து வந்தது. ஊத்துக்குளியில் அவர்களுக்குப் பதினோரு எருமை. இரண்டு வருடத்து மக்கின சாணியை ஒரு டெம்போவில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள், கூடவே ஒரு டப்பா வெண்ணெய். வெண்ணெய் ஃபிரிட்ஜிலேயே கிடந்து காறிப்போயிற்று. எருவை மட்டும் அவள் கூடை கூடையாகச் சுமந்து ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினாள். வயிற்றைக் கீறிய உடம்பு, வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். செல்வக்குமார் கூடையைப் பிடுங்கினார். அவள் வேறு கூடையை எடுத்துக்கொண்டாள்.

பாதைக்குப் போட நான் ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட், வெட்டி மிஞ்சின துணித்துண்டு, கொடுத்தேன். நூறு பர்சன்ட் காட்டன், மக்கிவிடும் என்று பெருமையாகச் சொன்னேன். இருபத்திரண்டு வருடம் துணியில் கை வைத்தவன், அதில் கழுத்துப் பட்டித் துணியும் கலந்திருந்ததை மறந்துவிட்டேன். அதில் இழுபடுகிற லைக்ரா நூல் ஓடும். சித்திரையில் ஒரு கோடை மழை பெய்து பருத்தி கரைந்தபோது, பாதை முழுக்க முடி மாதிரி ரப்பர் நூல் எழுந்து நின்றது. இரண்டு நாள் குனிந்து அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சொல்லக் கூடாது, தோட்டம் பிரமாதமாக வந்தது. உடுமலையிலிருந்து மணியனின் மகள் தென்னைநார் அனுப்பியிருந்தாள். அதை மேலே பரப்பியதில் பங்குனி வெயிலிலும் எரு காயவில்லை. கறையான் வந்தது, கிழவர் சொன்னபடியே. அட்டையைத் தின்றுவிட்டுப் போய்விட்டது, செடியைத் தொடவில்லை. கத்தரி, வெண்டை, அரைக்கீரை, தக்காளி. ஆனி பிறந்தபோது சுவர் ஓரத்தில் அவரைக் கொடி பந்தல் ஏறியிருந்தது. ஒச்சாயிக்கு ஒரு பிடி என்ன, ஒரு முந்தானைக் கீரை கிடைத்தது. பதினெட்டு மெஷின்காரர்களுக்கும் பங்கு போயிற்று. ஒடிசாப் பையன்கள் தக்காளியைச் சட்டையில் துடைத்து அப்படியே கடித்தார்கள். அக்ஷரா மட்டும் அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு காய்கூடச் சமைத்ததில்லை. வீட்டுக் குழம்புக்குக் கடையில்தான் காய் வாங்கினார்கள். அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. எங்களுக்கும் எல்லாம் மரத்துப்போயிருந்தது. செல்வக்குமார் காலை எட்டு மணிக்கு யூனிட்டுக்குள் போனால் பின்பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. நான் மாடிச் சன்னலை மூடி வைத்துவிட்டு மின்விசிறிக் காற்றில் கிடந்தேன்.

மணியன்தான் தினமும் வருவார். பல் விளக்கிவிட்டுப் போருக்குப் பக்கத்துப் பாத்தி முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். கையெல்லாம் கும்பிடமாட்டார். வெண்டைச் செடியைப் பார்க்கிறவர் மாதிரி நிற்பார்.

ஆடி இரண்டாம் வாரம் வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. போர் பக்கத்துப் பாத்தி மட்டும் சதசதவென்று ஊறிக் கிடந்தது. பிளம்பர் குருசாமி வந்து காலால் அமுக்கிப் பார்த்தார்.

"போர் வாய்க்குக் கீழ மூணடில ஜாயின்ட் விட்டிருச்சுங்க. தோண்டித்தான் ஆகோணும்."

"வேற பக்கமா லைன் இழுக்க முடியாதுங்களா?" என்று செல்வக்குமார் கேட்டார்.

"எந்தப் பக்கம் இழுத்தாலும் அங்கிருந்துதானுங்க பொறப்படோணும்."

குருசாமி கடப்பாரையை ஓங்கும்போது துவைக்கிற கல்லிலிருந்து மணியன் கத்தினார்.

"அங்க வேண்டாஞ் சாமி! அந்த எடத்தத் தொடாதீங்க!"

எல்லோரும் திரும்பினோம். சமையலறையிலிருந்து அக்ஷரா வந்தாள். மாமனாரைப் பார்த்தாள், கடப்பாரை நின்ற இடத்தைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் ஒன்பது பாத்தியில் எது என்று தெரியாமல் இருந்தவளுக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாக நடந்து வந்து, எந்தப் பாத்தியையும் மிதிக்காமல், வெண்டைச் செடிக்கு முன்னால் ஈரத்தில் உட்கார்ந்தாள்.

"போயிட்டு வாங்கண்ணா" என்று குருசாமியிடம் சொன்னாள்.

லாரித் தண்ணீர் வந்தது. அன்றைக்கும் மறுநாளும் அவள் அங்கேயே இருந்தாள். சாப்பாடு அங்கே போயிற்று. யூனிட்டில் பெண்கள் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மெஷினை மெதுவாக ஓட்டினார்கள். எந்தப் பயத்துக்கு இடத்தைக் காட்டாமல் வைத்திருந்தார்களோ அதுவே நடந்தது. மடியில் கையை வைத்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாத ஒரு மண்ணுக்குக் காவல் இருந்தாள். கட்டிங்கில் நாற்பது அடுக்குத் துணியைக் கோடு தவறி வெட்டிவிட்டு, அதற்குக்கூட வருத்தம் வராமல் நின்றேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் செல்வக்குமார் என் மேஜைக்கு வந்தார். கண் உள்ளே போயிருந்தது.

"வாங்க மாஸ்டர். தனியாப் போனா எனக்கு வாய் வராது."

மணியன் சாப்பிட்டு உள்ளே படுத்திருந்தார். நாங்கள் இருவரும் பாதையில் நின்றோம். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்ஷரா, அங்க ஒண்ணும் இல்ல."

"என்ன ஒண்ணும் இல்லீங்க?"

"பாப்பா. இங்க இல்ல. எங்கீமே வெக்கல."

நின்று நின்று சொன்னார். மழை, இரண்டு கொத்து, காகிதம். மிச்சத்தை நான் சொன்னேன். "ஆஸ்பத்திரியில விட்டுருவோம்னு சொன்னது நான்தாம்மா. அவர் மேல தப்பில்ல. நான் வெட்டியிருக்கலாம். வெட்டல."

அவள் அழுவாள், மண்ணை வாரி எங்கள் மேல் எறிவாள் என்று எதிர்பார்த்தேன். எறிந்திருந்தால் வாங்கிக்கொண்டு நின்றிருப்பேன். வெண்டை இலையில் ஒரு பூச்சி ஊர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுங்க என்ன பண்ணுவாங்க?"

"தெரீல" என்றார் செல்வக்குமார். "கேக்கல."

"மாமாவுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாது."

"சொல்லாதீங்க." கையை ஊன்றி எழுந்தாள். இரண்டு நாள் உட்கார்ந்த கால் தடுமாறியது. செல்வக்குமார் பிடிக்கப் போனார், அவள் பந்தல் குச்சியைப் பிடித்துக்கொண்டாள். "குருசாமியண்ணனை வரச் சொல்லுங்க. தண்ணி வேணுமல்லங்க."

குருசாமி ஒரு மணி நேரத்தில் வந்தார். வெண்டைச் செடிகளை அவளே ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஓரத்தில் வைத்தாள். தென்னைநாரை வழித்தாள். அட்டை இருந்த அடையாளமே இல்லை, கீழே கறுத்து நெகிழ்ந்த மண், அதில் புழுக்கள். முதல் கடப்பாரைக் குத்து விழுந்த சத்தத்தில் மணியன் எழுந்து ஓடிவந்தார். வேட்டியைக்கூடச் சரியாகக் கட்டவில்லை.

"அடே செல்வா! என்னடா பண்ற! நிறுத்தச் சொல்றா!"

செல்வக்குமார் தலையைக் குனிந்துகொண்டார். குருசாமி கடப்பாரையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். கிழவர் குழிக்குள் இறங்கிவிடுவார் போலிருந்தது. அப்போது அக்ஷரா அவர் முன்னால் வந்தாள்.

"மாமா, சித்தெ இருங்க. அங்க இல்லீங்க."

"என்ன சாமி சொல்ற?"

"அன்னிக்கு நல்ல மழைங்க. உங்க பையனுக்கு நெதானமில்ல. எடத்தத் தப்பாக் காட்டிட்டாருங்க. இப்பத்தான் சொன்னாரு." அவள் கையை நீட்டினாள். "அதா, அந்த அவரைப் பந்தலுக்கு அடிலீங்க. செவுத்தோரம்."

நான் அவள் கை போன பக்கம் பார்த்தேன். பந்தல் நிழல், சாய்ந்த வெயில், கீழே உதிர்ந்த ஊதாப் பூ. நல்ல இடம். ஒன்பது மாதம் யாரும் அவளுக்குக் காட்டாத இடத்தை அவளே பார்த்து வைத்தாள்.

மணியன் மகனைப் பார்த்தார். "அப்படியாடா?"

"ஆமாங்கப்பா" என்றார் செல்வக்குமார்.

கிழவர் பந்தலையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் கோணிக்கொண்டு வந்தது. சின்னப்பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது.

"அப்ப நானு ஊத்துன பாலு? தெனத்துக்கும் இங்கல்லம்மா வந்து நின்னேன்!"

"பத்தடிதானுங்க மாமா" என்றாள் அக்ஷரா. "நீங்க வந்தது தெரிஞ்சிருக்குமுங்க."

அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாதை வழியாக, ஒரு பாத்தியையும் மிதிக்காமல், பந்தலுக்குப் போய் அதன் முன்னால் நின்றார். அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு அவரை உட்காரவைத்தாள். செல்வக்குமார் யூனிட் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். குருசாமி மறுபடியும் தோண்ட ஆரம்பித்தார். நான் மண்ணை வாரி ஓரத்தில் போட்டேன். அன்றைக்குச் செய்யாத வேலையை இன்றைக்குச் செய்து என்ன ஆகப்போகிறது என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது. ஆனாலும் வாரினேன்.

இரண்டடி இறங்கியபோது அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். யாருக்கும் கேட்காத குரலில் பேசினாள்.

"ஏனுங்ணா, மடியில வெச்சிருந்தது நீங்கதானுங்களா?"

"ஆமாம்மா."

"எத்தனை நேரம்?"

"அவர் மழையில நின்ன வரைக்கும். கால் மணி இருக்கும்."

"அவரு மூஞ்சியப் பாக்கலையாமுங்க. எனக்கும் காட்டலீங்க. நீங்க பாத்தீங்களா?"

மம்முட்டியைக் கீழே வைத்தேன். ஒன்பது மாதத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. மடியில் வாங்கியபோது துணி விலகியது, பார்த்தேன். என் பெண்டாட்டியிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை.

"பாத்தேன்மா."

அவள் குழியைப் பார்த்தபடி நின்றாள். "சொல்லுங்க."

"தலை நெறைய முடி. நெத்தியில ஒட்டிக் கெடந்துச்சு. கண்ணு மூடித்தான் இருந்துச்சு, தூங்குற பிள்ளை கணக்கா. மூக்கு பெரியவர் மூக்கு. மேலுதடு உங்க மாதிரி லேசா தூக்கினாப்புல. நாடியில சின்னதா ஒரு குழி. ஒரு கை வெளிய வந்துச்சு, வெரல மூடியிருந்துச்சு. நான் அதைத் துணிக்குள்ள வச்சேன்."

"மூக்கு மாமா மூக்குங்களா?"

"ஆமா."

குழிக்குள்ளிருந்து குருசாமி, பைப் தெரியுது, மோட்டாரைப் போட வேண்டாம் என்று கத்தினார். செல்வக்குமார் சுவிட்ச் பக்கம் போனார். அக்ஷராவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்ணா" என்றாள்.

தலைமுடியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன்.